கொசு பரப்பும் வைரஸ்கள் பரவலின்போது எப்படி மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வைரஸ்கள் ஏன் இவ்வளவு எளிதில் மாறுகின்றன?

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மேற்கு நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் எல்லாமே ஆர்என்ஏ வைரஸ்கள், அதாவது மரபுச் செய்தியை டிஎன்ஏவில் அல்லாமல் ஆர்என்ஏ இழையில் வைத்திருப்பவை. மரபணுத்தொகுதி மிகச் சிறியது: டெங்குவுக்கு ஏறத்தாழ 10,700 எழுத்துகள் (ஆர்என்ஏ இழையின் அலகுகள்), சிக்குன்குனியாவுக்கு 11,800. அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. 10,000 எழுத்துக்கு ஒன்று முதல் 10 லட்சம் எழுத்துக்கு ஒன்று வரை அது தவறாகப் போட்டுவிடுகிறது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் லட்சக்கணக்கில், சிலருக்குக் கோடிக்கணக்கில் வைரஸ் நகல்கள் இருக்கும். ஆகவே ஒரே நோயாளியின் ரத்தத்தில் ஓரிரு எழுத்து மட்டும் வேறுபட்ட ஒரு பெருங்கூட்டமே சுற்றிக்கொண்டிருக்கிறது.

மாற்றம் உண்டாவது அன்றாட நிகழ்வு. அது நிலைத்து நிற்பதுதான் அரிது. கீழே உள்ள எல்லாப் பதில்களுக்கும் இதுவே அடிப்படை.

ஓர் ஆண்டில் எத்தனை எழுத்துகள் மாறி நிலைக்கும்?

டெங்குவின் மரபணுத்தொகுதியில் ஓர் எழுத்திடத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.0008 மாற்றம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 10,700-ஆல் பெருக்கினால் எட்டரை வருகிறது. அதாவது ஒரு பரவல் சங்கிலியில் ஆறு வாரத்துக்கு ஓர் எழுத்து மாறுகிறது. ஜிகா இதைவிடச் சற்று வேகம், மேற்கு நைல் சற்று மெதுவு.

இந்தக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு ஒரு எல்லை கிடைக்கிறது. அடுத்தடுத்த தெருவில் ஒரே வாரத்தில் நோயுற்ற இருவரின் வைரஸ் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனது என்று சொல்ல முடியாது. பல கொசுக்களும் பல நோயாளிகளும் இடையில் இருந்திருக்கலாம். இருவரின் வைரஸ் எழுத்து வரிசைகள் பத்து இருபது எழுத்து வேறுபட்டால், ஒரே பருவத்தில் ஒரே மூலத்திலிருந்து வந்தவை அல்ல என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இத்தனை பிழை நடந்தும் வைரஸ் ஏன் பெருமளவு நிலையாக இருக்கிறது?

இரண்டு உலகங்களில் அது பிழைத்தாக வேண்டும். மனிதன், பறவை, குரங்கு போன்ற வெப்ப ரத்த உடல் ஒன்று, கொசு மற்றொன்று. வெப்பநிலை வேறு, செல்லின் மேற்பரப்பு வேறு, நோய் எதிர்க்கும் முறையும் வேறு. ஒன்றில் உதவும் மாற்றம் மற்றதில் கெடுதலாக முடிவது அதிகம். புரதத்தை மாற்றும் மாற்றங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் களையப்படுகின்றன. புரதத்தின் அலகான அமினோ அமிலத்தை மாற்றாத எழுத்து மாற்றங்களே அதிகம் தங்குகின்றன. அவற்றிலும் கட்டுப்பாடு உண்டு: ஆர்என்ஏ இழை தன்மேல் மடிந்து வளையமாகும் பகுதிகளில், குறிப்பாக இரு முனைகளிலும், ஓர் எழுத்து மாறினால் நகலெடுப்பே நின்றுவிடக்கூடும்.

நிலைத்தன்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெனிசுவேலா குதிரை மூளைக்காய்ச்சலின் ஒரு வகை பல பத்தாண்டு இடைவெளியில் திரும்பத் திரும்பக் கிளம்பியது. அந்த வைரஸ்களின் வரிசையோ 1930, 40-களில் தடுப்பூசி செய்யப் பயன்பட்ட பழைய வைரஸ்களோடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இயற்கையில் சுற்றிய வைரஸ் இத்தனை காலம் மாறாமல் இருக்க வழியில்லை. சரியாகச் செயலிழக்கச் செய்யப்படாத தடுப்பூசியே சில பரவல்களுக்கு மூலம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது இதை வைத்துத்தான். மாற்றம் வர வேண்டிய இடத்தில் வராமல் இருந்தால் அதையும் விசாரிக்க வேண்டும்.

கொசுவின் உடலுக்குள் வைரஸுக்கு என்ன ஆகிறது?

பரிணாமத்தின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. ஆனாலும் பேச்சில் அதிகம் விட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு ஒருமுறை குடிக்கும் ரத்தம் 2 முதல் 3 மைக்ரோலிட்டர். நோயாளியின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் தொற்றும் திறனுள்ள வைரஸ் 1 லட்சம் என்று வைத்துக்கொண்டால், கொசுவின் வயிற்றுக்குப் போவது 200, 300 மட்டுமே. அவற்றிலும் ஒருசிலவே நடுக்குடல் செல்களுக்குள் நுழைகின்றன. அங்கே பெருகி, குடலைச் சுற்றியுள்ள சவ்வைத் தாண்டி, உடற்குழிக்குள் வந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடைசியில் உமிழ்நீரில் கலக்க வேண்டும். ஒவ்வொரு தடையிலும் கூட்டம் ஒரு கைப்பிடியாகக் குறைந்து, தாண்டியபின் மறுபடி பெருகுகிறது. இந்தப் பயணத்துக்குப் பொதுவாக 8 முதல் 12 நாள் ஆகும். வெயில் கூடினால் குறையும். கொசு இடையில் இரண்டாவது முறை ரத்தம் குடித்தால் குடல் விரிந்து சவ்வில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அதனால் வைரஸ் இன்னும் சீக்கிரம் வெளியேறுகிறது.

ஒவ்வொரு தடையிலும் தப்பிக்கும் வைரஸ் திறமையால்தான் தப்பித்தது என்று எண்ணக் கூடாது. பெரும்பாலும் அது குலுக்கல். நோயாளியின் ரத்தத்தில் 1 சதவீதமாக இருந்த ஒரு மாற்றம் கொசுவின் உமிழ்நீரில் 100 சதவீதமாகிவிடலாம். 60 சதவீதமாக இருந்தது அடியோடு காணாமலும் போகலாம்.

இதோடு கொசுவின் எதிர்ப்பு முறையும் சேர்ந்துகொள்கிறது. கொசு வைரஸின் ஆர்என்ஏவைத் துண்டாக்கி, அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்து அதே வரிசை உள்ளவற்றைத் தேடி வெட்டுகிறது. கூட்டத்தில் அதிகம் இருக்கும் வரிசைதான் எளிதில் சிக்கும். அரிய வரிசை தப்பும். கியூலெக்ஸ் கொசுக்களில் மேற்கு நைல் வைரஸை வைத்துச் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது: கொசுவுக்குள் வேறுபாடு பெருகியது, பறவைக்குள் களையெடுப்பு நடந்தது.

ஒரே ஒரு மாற்றம் ஒரு பரவலின் போக்கையே திருப்பியதுண்டா?

உண்டு. 2005-06-இல் ரெயூனியன் தீவில் சிக்குன்குனியா பரவியபோது மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர், சுமார் 2,66,000 பேர், நோயுற்றனர். அங்கே வைரஸைப் பரப்பியது ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற வேறொரு கொசு இனம். பரவலின் தொடக்கத்தில் எடுத்த வைரஸ்களில் ஈ1 உறைப் புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்தது. பிந்தைய மாதிரிகளில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம். இதற்கு ஓர் எழுத்து மாறினால் போதும். அந்த மாற்றம் உள்ள வைரஸ் அல்போபிக்டஸின் குடலை மிகக் குறைந்த அளவிலேயே தொற்றிக்கொள்கிறது என்று ஆய்வகத்தில் உறுதியானது. ஏடிஸ் ஈஜிப்டியில் அதனால் குறிப்பிடத்தக்க லாபம் இல்லை.

தற்செயல் என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம், அதே மாற்றம் தனித்தனியாகப் பல இடங்களில் முளைத்தது. இந்தியாவில் 2006-இல் ஈஜிப்டி பரப்பிய வைரஸில் அலனின்தான் இருந்தது. அல்போபிக்டஸ் அதிகமுள்ள கேரளத்தில் 2007-இல் வாலின் வந்துவிட்டது. காபோனிலும் இலங்கையிலும் அப்படியே. 2009-இல் கேரளத்தில் ஈ2 புரதத்தின் 210-ஆம் இடத்தில் இரண்டாவது மாற்றம் சேர்ந்து, அல்போபிக்டஸில் தொற்றும் திறனை மேலும் கூட்டியது.

ஆனால் அல்போபிக்டஸின் தாயகமே ஆசியா. சிக்குன்குனியாவின் ஆசியக் கிளை (ஒரே மூதாதையிலிருந்து வந்த வைரஸ் கூட்டம்) 1950-களிலிருந்து இங்கே சுற்றியது. அது ஏன் இந்த மாற்றத்தைப் பெறவில்லை? அந்தக் கிளையில் ஈ1 புரதத்தின் 98-ஆம் இடத்தில் திரியோனின் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கிளையில் அலனின். அந்தத் திரியோனின் இருக்கும்வரை 226-இல் வாலின் வந்தாலும் பலன் கிடையாது. ஆகவே மாற்றத்தின் பெயரைச் சொன்னால் போதாது. அது எந்தக் கிளையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எந்தக் கொசு பரப்புகிறது என்ற இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேற்கு நைல் வைரஸிலும் இப்படி ஒன்று நடந்தது. 1999-இல் நியூயார்க்கில் தோன்றிய வகையை, உறைப் புரதத்தின் 159-ஆம் இடத்தில் வாலினுக்குப் பதில் அலனின் கொண்ட புதிய வகை சில ஆண்டுகளில் வட அமெரிக்கா முழுக்க ஒழித்துவிட்டது. புதிய வகை கியூலெக்ஸ் கொசுவில் முன்னதாகவே உமிழ்நீரை எட்டுகிறது. சில வாரமே வாழும் பூச்சியில் அது பெரிய லாபம்.

ஒரு புதிய கிளை பழையதை விரட்டிவிட்டால், அது அதிக வலிமையானது என்று பொருளா?

பெரும்பாலும் இல்லை. டெங்குவில் கிளைகள் அடிக்கடி மாறி மாறி வரும். கொசு குறையும் மாதங்களில் பரவல் சங்கிலிகள் பல அறுந்துவிடும். தப்பித்த ஒன்றிரண்டிலிருந்துதான் அடுத்த பருவம் கிளம்பும். எது தப்பியது என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. மக்களின் எதிர்ப்புச் சக்தியும் களத்தை மாற்றிவைக்கும்: சென்ற மூன்று ஆண்டுகள் டெங்குவின் நான்கு வகைகளில் ஒன்றான டெங்கு 1 பரவிய ஊரில் டெங்கு 3 நுழைந்தால் அது வேகமாகப் பரவத்தான் செய்யும். அதற்குப் புதிய மாற்றம் எதுவும் தேவையில்லை.

உண்மையான வலிமை காட்டப்பட்ட நிகழ்வும் உண்டு. 1994-இல் போர்ட்டோரிக்கோவில் டெங்கு 2-இன் ஒரு புதிய கிளை பழையதை வெளியேற்றியது. அதன் வலிமை உறைப் புரதத்தில் இல்லை, புரதம் எதையும் குறிக்காத, ஆர்என்ஏ இழையின் கடைசியான 3-முனைப் பகுதியில் இருந்தது. அங்கிருந்து உண்டாகும் சிறு ஆர்என்ஏ துண்டுகள் அதிகமாகி, மனித செல்லில் வைரஸை உணர்ந்து எச்சரிக்கும் டிரிம்25 என்ற புரதத்தைப் பிடித்து முடக்கின. பல ஆய்வகங்கள் உறைப் புரதத்தின் மரபணுவை மட்டும் வரிசைப்படுத்தி நிறுத்திக்கொள்கின்றன. அப்படிச் செய்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஜிகா ஒரு மாற்றத்தால்தான் குழந்தைகளின் தலை சிறுக்கக் காரணமானதா?

2017-இல் இரண்டு மாற்றங்கள் முன்வைக்கப்பட்டன. உறைப் புரதத்தின் முன்வடிவில் 139-ஆம் இடத்தில் வந்த ஒன்று எலிக்குஞ்சுகளின் மூளையை அதிகம் பாதித்தது. என்எஸ்1 புரதத்தின் 188-ஆம் இடத்தில் வந்த மற்றொன்று கொசுவுக்குள் தொற்றுவதை எளிதாக்கியது. இவை கவனிக்க வேண்டிய முடிவுகள். ஆனால் இந்த மாற்றம் இல்லாத ஆப்பிரிக்க ஜிகாவும் ஆய்வகத்தில் கருவைக் கடுமையாகப் பாதிக்கிறது, சில சோதனைகளில் இன்னும் மோசமாக. பிரேசிலில் 2015-இல் பாதிப்பு கண்ணுக்குத் தெரிந்ததற்கு, எதிர்ப்புச் சக்தியே இல்லாத மிகப் பெரிய மக்கள்தொகையில் ஒரே நேரத்தில் ஏராளமான கர்ப்பிணிகள் தொற்றுக்கு ஆளானதும் ஒரு காரணம். பிரெஞ்சு பாலினேசியாவில் 2013-14 பரவலின் பாதிப்பு, பின்னால் பழைய பதிவுகளைத் தேடியபோதுதான் தெரிந்தது. ஒற்றை மாற்றத்தின் மேல் முழுப் பழியையும் போட இந்தச் சான்றுகள் போதாது.

இரு வைரஸ்கள் கலந்து புதிது பிறக்குமா?

டெங்கு, ஜிகா போன்றவற்றில் அரிது. மரபணுத்தொகுதி துண்டு துண்டாக இருக்கும் வைரஸ்களில் இது எளிது. ஒரே செல்லில் இரண்டு நுழைந்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். 1997-98-இல் கென்யா, சோமாலியா பகுதியில் ரத்தக்கசிவுக் காய்ச்சலை உண்டாக்கிய ஙாரி வைரஸ் அப்படிப் பிறந்ததே: மூன்று துண்டுகளில் இரண்டு புன்யம்வேரா வைரஸுடையது, நடுத்துண்டு பட்டாய் வைரஸுடையது.

ஊனமான வைரஸ் பரவ முடியுமா?

முடியும். மியான்மரில் டெங்கு 1-இன் ஒரு கிளை, உறைப் புரத மரபணுவின் நடுவே நிறுத்தக் குறி (புரதம் செய்வதைப் பாதியில் நிறுத்தும் எழுத்துகள்) விழுந்த நிலையில், குறைந்தது 18 மாதங்கள் மனிதருக்கும் கொசுவுக்கும் இடையே பரவியது. தனியாக அது பிழைக்காது. அதே செல்லில் இருந்த முழுமையான வைரஸ் செய்த புரதத்தை இரவல் வாங்கிக்கொண்டு பயணம் செய்தது. ஆகவே வரிசையில் நிறுத்தக் குறி தெரிந்தால் உடனே கருவிப் பிழை என்று அழித்துவிட வேண்டாம். மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

வரிசைப்படுத்த மாதிரி எப்படி எடுப்பது?

காய்ச்சல் தொடங்கிய முதல் 5 நாட்களுக்குள். முதல் 3 நாட்கள் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு எதிர்ப்புப் பொருள் ஏறி வைரஸ் இறங்கிவிடும். ஹெப்பாரின் குழாய் கூடாது, அது பிசிஆரை, அதாவது மரபணுத் துண்டுகளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனையை, தடுக்கும். சாதாரணக் குழாயோ ஈடிடிஏ குழாயோ போதும். சிவப்பணு உடைந்து சிவந்துபோன சீரமும் இதே தொல்லையைத் தரும். சீரத்தைப் பிரித்ததும் 200 மைக்ரோலிட்டர் வீதம் பல சிறு குழாய்களில் போட்டு மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயை நாலைந்து முறை உருக்கி உறையவைத்தால் நீண்ட ஆர்என்ஏ சிதைந்து, பிசிஆர் பாசிட்டிவ் என்று சொல்லும் மாதிரியிலிருந்தும் முழு வரிசை வராது.

பிசிஆர் சிடி அளவு (எத்தனையாவது பெருக்கச் சுழற்சியில் வைரஸ் தெரிகிறது என்ற எண்; வைரஸ் அதிகமானால் இது குறையும்) 30-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் முழு வரிசை கிடைக்கும். 30-க்கும் 35-க்கும் இடையில் ஓட்டைகள் விழும். அதற்கு மேல் போனால் வேதிப்பொருளை வீணாக்க வேண்டாம். ஜிகாவில் வைரஸ் அளவு எப்போதுமே குறைவு என்பதால் சுமார் 400 எழுத்து நீளமுள்ள, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய 35 துண்டுகளாகப் பெருக்கும் முறை உருவாக்கப்பட்டது. இரட்டைப்படைத் துண்டுகள் ஒரு குழாயில், ஒற்றைப்படை மற்றொன்றில். இப்போது டெங்கு, சிக்குன்குனியாவுக்கும் இதே வழிதான். டெங்குவின் நான்கு வகைக்கும் தனித்தனி பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு மரபணு இழை) தொகுப்பு தேவை. ஆகவே முதலில் வகையைக் கண்டுபிடியுங்கள்.

செல் வளர்ப்பில் பெருக்கிய பிறகு வரிசைப்படுத்துவதைத் தவிர்க்கப் பாருங்கள். வீரோ என்ற ஆய்வகக் குரங்குச் செல்லில் சில முறை வளர்த்தாலே, செல்லின் மேலுள்ள ஹெப்பரான் சல்பேட்டில் ஒட்டிக்கொள்ள உதவும் நேர்மின் அமினோ அமிலங்கள் உறைப் புரதத்தில் முளைத்துவிடும். சி6/36 கொசு செல்லிலோ ஆர்என்ஏவை வெட்டும் எதிர்ப்பு முறை பழுதானது. அங்கு வளர்ந்த வைரஸ் உண்மைக் கொசுவின் நெருக்கடியைச் சந்திக்காதது. வளர்ப்பு தவிர்க்க முடியாதது என்றால் எந்தச் செல், எத்தனையாவது முறை என்பதை வரிசையோடு சேர்த்துப் பதிவிடுங்கள்.

வரிசை கையில் கிடைத்தபின் அதிகம் நடக்கும் தவறுகள் எவை?

முதலாவது, பிரைமர் எழுத்துகளை வெட்டாமல் விடுவது. அந்த இடங்களில் நாம் போட்ட எழுத்துதான் தெரியும், வைரஸின் எழுத்து தெரியாது. இரண்டாவது, பெருகாத துண்டை மேற்கோள் வரிசையால் (ஒப்பிட வைத்திருக்கும் பழைய வரிசையால்) நிரப்புவது. நானோபோர் என்ற வரிசைப்படுத்தும் முறையில் ஓர் இடத்தை 20 முறையாவது படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் 'தெரியவில்லை' என்ற குறியே சரி. மேற்கோளால் நிரப்பிய வரிசை பத்து ஆண்டு பழைய வைரஸைப் போலத் தோன்றி வைரஸ்களின் வம்ச மரத்தில் தவறான கிளையில் போய் உட்காரும். மூன்றாவது, வைரஸ் இல்லாத வெற்று மாதிரியையும் கூடவே வரிசைப்படுத்தாமல் விடுவது. 35 சுழற்சி பெருக்கும் அறையில் நேற்றைய துண்டு காற்றில் மிதந்து இன்றைய குழாயில் விழும்.

ஒரே நோயாளிக்குள் இருக்கும் சிறுபான்மை மாற்றங்களைப் பார்க்க நினைத்தால் விதி இன்னும் கடுமை. குறைந்தது 1,000 ஆர்என்ஏ நகலில் தொடங்குங்கள். இரண்டு தனித்தனி குழாய்களில் பெருக்குங்கள். ஒவ்வோர் இடத்தையும் 400 முறையாவது படியுங்கள். இரண்டிலும் 3 சதவீதத்துக்கு மேல் வந்தவற்றை மட்டும் நம்புங்கள். ஒரே குழாயில் மட்டும் தெரிந்த மாற்றம் பெரும்பாலும் பிசிஆரின் கைவேலை.

வேகக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. சில மாதப் பரவலில் இருந்து கணக்கிட்டால் மாற்ற வேகம் அதிகமாகத் தெரியும். சற்றே கெடுதலான மாற்றங்கள் இன்னும் களையப்படவில்லை என்பதே காரணம், வைரஸ் வேகமெடுத்ததாக அர்த்தமில்லை.

மாற்றத்தால் பிசிஆர் சோதனை தோற்குமா?

தோற்கலாம். பிரைமரின் 3-முனையில் பொருந்தாத ஓர் எழுத்து இருந்தாலே பெருக்கம் தடுமாறும். அறிகுறி கச்சிதமாக இருந்தும் நெகட்டிவ் வருவது கூடினால், அல்லது சோதனை தேடும் இரண்டு மரபணு இலக்குகளில் ஒன்று மட்டும் நான்கைந்து சுழற்சி தாமதமாக வந்தால், பிரைமர் இடத்தின் வரிசையைப் பாருங்கள். இரண்டு இலக்குள்ள சோதனையை வைத்திருப்பது இதற்குத்தான்.

இந்த முறை நோய் கடுமையாக இருக்கிறது. உருமாறிய வைரஸ் என்று சந்தேகிக்கலாமா?

அதைக் கடைசியில் சந்தேகியுங்கள். முதலில் வகையைப் பாருங்கள். கியூபாவில் 1977-இல் டெங்கு 1 பரவியது. 1981-இல் டெங்கு 2 வந்தபோது 3,44,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்று 158 பேர் இறந்தனர். முன்பு வேறு வகை தாக்கியவர்களுக்கு இரண்டாம் தொற்று கடுமையானதே முக்கியக் காரணம். அடுத்து, லேசான நோயாளிகள் சோதிக்கப்படுகிறார்களா என்று பாருங்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த நோயும் கொடியதாகத்தான் தெரியும். பிறகு கொசு அடர்த்தி, வெப்பம், வயது விவரம். இவை எல்லாம் விளக்காமல் மிஞ்சியதற்கு மட்டும் வைரஸிடம் போங்கள். அங்கேயும் மாற்றம் கூடவே வந்தது என்பது சான்றாகாது. அதே மாற்றம் தனித்தனி இடங்களில் முளைத்திருக்க வேண்டும். அல்லது அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றிச் செய்த வைரஸை கொசுவிலும் செல்லிலும் சோதித்திருக்க வேண்டும். சிக்குன்குனியாவில் இரண்டுமே இருந்தன.

வைரஸ் மாறினால் தடுப்பூசி பயனற்றுப் போகுமா?

இதுவரை பெரிய அளவில் அப்படி நேரவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் 1990-களிலிருந்து ஆசியாவின் பல பகுதிகளில் மூன்றாம் மரபணு வகையின் இடத்தை முதல் வகை பிடித்தது. மூன்றாம் வகையிலிருந்து செய்த தடுப்பூசிகள் அதன் பின்னும் பாதுகாக்கின்றன. டெங்குவின் சிக்கல் வேறு: நான்கு வகைகளும் அமினோ அமில அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேறுபட்டவை. அந்த இடைவெளி பல நூற்றாண்டு பழையது, ஒரு பருவத்தில் உண்டானது அல்ல.

உயிருள்ள தடுப்பூசி வைரஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடாதா?

இத்தகைய தடுப்பூசியில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட வைரஸ். எத்தனை மாற்றங்களின் மேல் அதன் பலவீனம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சிக்குன்குனியாவுக்கு முன்பு செய்யப்பட்ட 181/25 என்ற தடுப்பூசியின் பலவீனம் ஈ2 புரதத்தில் 12, 82 ஆகிய இரண்டே இடங்களில் இருந்தது. சோதனையில் போட்டுக்கொண்ட 59 பேரில் 5 பேருக்குத் தற்காலிக மூட்டுவலி வந்தது. 82-ஆம் இடம் பழைய எழுத்துக்குத் திரும்புவது பின்னர் தெரிந்தது.

மஞ்சள் காய்ச்சலுக்கான 17டி தடுப்பூசி இதற்கு நேர் எதிர். 1927-இல் எடுத்த அசிபி வைரஸை மேக்ஸ் தெய்லர் குழுவினர் 170 முறைக்கு மேல் ஒரு செல் வளர்ப்பிலிருந்து அடுத்ததற்குக் கடத்தி 1937-இல் உருவாக்கியது. இன்றைய 17டி-204 வகை மூல வைரஸிலிருந்து 32 அமினோ அமிலங்களில் வேறுபடுகிறது. அத்தனையும் திரும்ப வழியில்லை. அதற்கும் தொடக்கத்தில் சிக்கல் வந்தது: ஒவ்வொரு தொகுதியும் வெவ்வேறு எண்ணிக்கையில் கடத்தப்பட்டு விலகிப்போனதால், 1941-இல் பிரேசிலில் ஒரு துணைவகை போட்டவர்களிடம் மூளைக்காய்ச்சல் தென்பட்டது. அதன்பின் விதைத் தொகுதி முறை வந்தது. முதன்மை விதையிலிருந்து இரண்டாம் விதை. இரண்டாம் விதையிலிருந்து ஒரே ஒரு கடத்தலில் தடுப்பூசி. அதற்கு மேல் ஒரு படியும் போகக் கூடாது. இன்றும் எல்லாத் தயாரிப்பாளர்களும் கடைப்பிடிப்பது இதைத்தான். 17டி ஏடிஸ் ஈஜிப்டியின் குடலைத் தாண்டிப் பரவுவதும் இல்லை. ஆகவே தடுப்பூசி போட்டவரைக் கடித்த கொசு அந்த வைரஸை இன்னொருவருக்குக் கொண்டுபோகாது.